வேலையிடத்தில் பாகுபாடு: தென்னாப்பிரிக்காவில் புகாரை எங்கே கொடுப்பது?

வேலை செய்யும் இடத்தில் இனம், மதம், நிறம் பார்த்து நடத்துகிறார்கள் என்றால் நம்மவர்கள் வாயில் உடனே வருவது "மனித உரிமை ஆணையத்துக்குப் போகிறேன்" என்பதுதான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேஷியா என்று நம் மக்கள் வாழும் ஊர்களில் எங்கே கேட்டாலும் இதே பேச்சு. பெயரில் ஒரு கனம் இருக்கிறது, கோபத்துக்கும் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் முதலில் தட்ட வேண்டிய கதவு பெரும்பாலும் அது கிடையாது. அங்கே மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போதே, உண்மையில் போக வேண்டிய இடத்தின் கெடு கழிந்துவிடுகிறது. நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் நாள் தவறியதால் கைவிட்டவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

நம் முன்னால் இருக்கும் அரசு வழிகள் இவை: எல்லோரும் சிசிஎம்ஏ என்று சொல்லும் சமரச, நடுவர் ஆணையம்; லேபர் கோர்ட்; சில துறைகளுக்கென்று முதலாளிகளும் யூனியன்களும் சேர்ந்து நடத்தும் பார்கெயினிங் கவுன்சில்கள்; சமத்துவ நீதிமன்றம்; மனித உரிமை ஆணையம்; தொழிலாளர் துறையின் இன்ஸ்பெக்டர்கள். எது பெரியது, எது சிறியது என்று பார்த்துப் பயனில்லை. உங்களுக்கு என்ன வேண்டும், நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற இரண்டு கேள்விகளே வழியைத் தீர்மானிக்கின்றன.

முதலில், என்ன வேண்டும்?

1894இல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தத்தோடு இளம் வக்கீல் காந்தியிடம் வந்து நின்றார். காந்தி முதலில் அவரை டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அப்புறம்தான் மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போனார். முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது அவர் நோக்கமாக இல்லை. பாலசுந்தரத்தை அந்த ஆளிடமிருந்து விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றுவதே வழி என்று முடிவு செய்து அதைச் சாதித்தார். 130 வருஷத்துக்கு முந்தைய சம்பவம். ஆனாலும் வேலையிடப் புகாரை எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆதாரத்தை முதலில் கையில் எடுத்தார். வேண்டியது என்ன என்று தீர்மானித்தார். அதைத் தரக்கூடிய அதிகாரி யார் என்று அதற்குப் பிறகுதான் தேடினார்.

உங்கள் விஷயத்திலும் அப்படித்தான். வேலையில் இருந்துகொண்டே தொல்லை நிற்க வேண்டுமா? போன வேலை திரும்ப வேண்டுமா? ஒரு தொகை வாங்கிக்கொண்டு கண்ணியமாக வெளியேறினால் போதுமா? உங்களோடு இன்னும் பத்துப் பேரைப் பாதிக்கும் ஒரு விதியை மாற்ற வேண்டுமா? இந்த நான்கும் நான்கு வேறு இடங்களுக்கு இட்டுச் செல்லும். பலர் "அவனுக்குப் பாடம் கற்பிக்கணும்" என்று கிளம்புகிறார்கள். அந்த ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் பாடம் கற்பிப்பதற்கென்று இங்கே ஃபாரம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள சட்டம்

1998ஆம் ஆண்டின் 55ஆம் சட்டமான வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம்தான் அடிப்படை. அதன் 6ஆம் பிரிவு இனம், பாலினம், கர்ப்பம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு, நிறம், வயது, ஊனம், மதம், எச்ஐவி நிலை, பண்பாடு, மொழி, பிறப்பு என்று நீண்ட பட்டியல் தருகிறது. அதில் அடங்காத, ஆனால் அதே அளவுக்கு நியாயமற்ற வேறு காரணத்தையும் வாதிட இடம் வைத்திருக்கிறது. தொல்லை கொடுப்பதும் பாகுபாடே என்று அதே பிரிவு சொல்கிறது. இனத்தை வைத்துக் கேலி செய்வது, பாலியல் தொல்லை, மிரட்டல் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லும் நடத்தை நெறி 2022 மார்ச்சில் அமலுக்கு வந்தது. ஒரே மதிப்புள்ள வேலைக்கு இனத்தையோ பாலினத்தையோ பார்த்துக் குறைந்த சம்பளம் தருவதும் 2014 முதல் வெளிப்படையாகவே இதில் வருகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குச் சமத்துவத் திட்டம் (எந்தப் பிரிவினர் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற இலக்கு) போடும் கடமை 2025 ஜனவரி 1 முதல் இல்லை. அதைக் கேட்டுவிட்டு, "சின்னக் கம்பெனிக்கு இந்தச் சட்டமே கிடையாதாம்" என்று பேசிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. பாகுபாட்டைத் தடுக்கும் இரண்டாம் அத்தியாயம் நாலு பேர் வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும். ராணுவம், உளவுத்துறை போன்ற சில மட்டுமே விலக்கு.

நிரூபிக்கும் பொறுப்பும் பலர் நினைப்பதுபோல முழுக்கத் தொழிலாளி தலையில் இல்லை. பட்டியலில் உள்ள காரணத்தால் பாகுபாடு நடந்தது என்று நம்பும்படியான முகாந்திரம் காட்டினால், அப்படி நடக்கவில்லை அல்லது நடந்தது நியாயமானது என்று முதலாளிதான் காட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத காரணம் என்றால் சுமை முழுக்க உங்களுடையது. ஆகவே ஃபாரத்தில் காரணத்தை எழுதும்போது, பட்டியலில் உள்ள எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று யோசித்து எழுதுங்கள். "மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது" என்பது பாகுபாடு ஆகாது. "ஒரே வேலை செய்யும் எங்கள் இருவரில் என்னை மட்டும், இந்தக் காரணத்தால்" என்று எழுத முடிய வேண்டும்.

சிசிஎம்ஏ: பெரும்பாலானோருக்கு இதுதான்

வேலையில் இன்னும் இருக்கிறீர்கள், பாகுபாடு நடந்தது அல்லது நடந்துகொண்டிருக்கிறது என்றால், சம்பவம் நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் சிசிஎம்ஏவில் பதிய வேண்டும். பணம் கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம். ஃபாரத்தின் எண் 7.11. அதன் ஒரு பிரதியை முதலில் முதலாளிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கு ஆதாரம் வைத்துக்கொள்ள வேண்டும். இமெயில் அனுப்பிய பதிவோ, வாங்கியவர் கையெழுத்தோ போதும். அந்த ஆதாரத்தையும் சேர்த்துத்தான் ஆணையத்தில் கொடுக்க வேண்டும். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அலுவலகம் இருக்கிறது.

பலர் தவறவிடும் இன்னொரு நிபந்தனை: பிரச்சினையைத் தீர்க்க நீங்களே நியாயமான முயற்சி செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். எச்ஆருக்கு எழுதிய ஒரு கடிதம், ஒரு முறைப்பாட்டு ஃபாரம், பதில் வராத ஒரு இமெயில், ஏதாவது ஒன்று. அதோடு சட்டத்தின் 60ஆம் பிரிவும் சேர்கிறது. சக ஊழியர் செய்த பாகுபாட்டுக்கு முதலாளியைப் பொறுப்பாக்க வேண்டுமானால், அதை உடனே முதலாளியின் கவனத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். தெரிந்தும் அவர் எதுவும் செய்யவில்லை என்றால்தான் அந்தப் பொறுப்பு அவர் மீது விழும். வாய்மொழியாகச் சொன்னதை யாரும் பின்னால் ஒப்புக்கொள்வதில்லை. சூப்பர்வைசரிடம் பேசிவிட்டு வந்தால், "இன்று காலை உங்களிடம் சொன்னபடி..." என்று தொடங்கி அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப்பாவது அனுப்பிவிடுங்கள்.

பதிந்தபின் 30 நாளுக்குள் சமரசக் கூட்டம் நடக்க வேண்டும். கமிஷனர் ஒருவர் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார். அங்கே பேசுவது ரகசியம். பின்னால் எதிராகப் பயன்படுத்த முடியாது. வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. யூனியன் ஆள் உங்களுக்காக வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே யூனியன் சந்தாவை நிறுத்த வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்வேன். வேலையிடத்தில் யூனியன் பிரதிநிதியாக இருக்கும் நல்ல ஷாப் ஸ்டூவர்ட் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சின் தோரணையே மாறுகிறது.

சமரசத்தில் கிடைப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எழுத்தில் மன்னிப்பு, வேறு டிபார்ட்மெண்டுக்கு மாற்றம், பிடித்த சம்பளம் திரும்ப, நல்ல சர்வீஸ் லெட்டர், இவற்றையெல்லாம் கோர்ட்டில் போராடி வாங்குவதைவிட இந்த அறையில் பேசி வாங்குவது சுலபம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரி இருந்தால் அதே விஷயத்தில் வேறு எங்கும் போக முடியாது. இதை வெளியே பேசக்கூடாது என்ற வரியும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அவசரப்படுத்தினாலும் பத்து நிமிஷம் கேட்டு வெளியே வந்து வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

சமரசம் ஆகவில்லை அல்லது முதலாளி வரவே இல்லை என்றால், தீரவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். அதற்கு அப்புறம் வழி இரண்டாகப் பிரிகிறது. சட்டம் குறிக்கும் வருமான வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவர் சிசிஎம்ஏவிலேயே நடுவர் விசாரணை கேட்கலாம். 2025 ஏப்ரல் 1 அன்று அந்த வரம்பு ஆண்டுக்கு 2,61,748.45 ரேண்ட் என்று வைக்கப்பட்டது. அவ்வப்போது உயர்த்துவார்கள் என்பதால் அந்தந்த ஆண்டின் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாலியல் தொல்லை புகார் என்றால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இந்த விசாரணை கேட்கலாம். மற்றவர்கள் முதலாளி சம்மதித்தால் மட்டுமே இங்கே தொடரலாம். இல்லையென்றால் லேபர் கோர்ட். நடுவர் விசாரணைக்குச் சான்றிதழ் தேதியிலிருந்து 90 நாள் கெடு. லேபர் கோர்ட் என்றாலும் அதே 90 நாளை மனதில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

லேபர் கோர்ட்டோடு ஒப்பிட்டால்

வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு இரண்டும் திறந்திருக்கின்றன. அவர் எதைத் தேர்ந்தெடுப்பது? சிசிஎம்ஏவில் செலவு இல்லை, நடைமுறை எளிது, கமிஷனர் தானே கேள்வி கேட்டு விஷயத்தை வெளியே கொண்டுவருவார். ஆனால் உண்மையான பண நஷ்டத்துக்கு அவர் தரும் ஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு. மேலே சொன்ன ஆண்டு வருமான வரம்புதான் அந்தத் தொகை. லேபர் கோர்ட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முதலாளி இனி என்ன செய்ய வேண்டும் என்றும் இரண்டு இடத்திலும் உத்தரவிடலாம். சிசிஎம்ஏ தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் லேபர் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். முதலாளிக்கும் அதே உரிமை உண்டு.

லேபர் கோர்ட்டில் மனு எழுதுவது முதல் சாட்சி விசாரணை வரை எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். சட்டப்படி தனியாகவே வாதாடலாம். அப்படிப் போகச் சொல்ல எனக்கு மனசு வராது. தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாய விதி அங்கே இல்லை என்பது ஆறுதல். ஆனால் சொந்த வக்கீல் செலவும் காலமும் உங்களுடையவை. லீகல் எய்ட் அலுவலகத்திலும், டர்பன் ஹோவர்ட் காலேஜில் உள்ள பல்கலைக்கழக சட்ட உதவி மையத்திலும் முதலில் கேட்டுப் பாருங்கள். சம்பளம் குறைவு, சாட்சிகள் தயார், பல வருஷம் அலைய மனமில்லை என்றால் சிசிஎம்ஏ. பெரிய பண நஷ்டம், நிறுவனம் முழுவதும் உள்ள கொள்கை, யூனியன் அல்லது வக்கீல் துணை என்றால் லேபர் கோர்ட்.

வேலையே போய்விட்டால் கணக்கு வேறு

இந்தப் பகுதியை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள். வேலைநீக்கம் என்றால் 6 மாதம் கிடையாது, 30 நாள்தான். நிறுவனத்துக்குள் அப்பீல் செய்திருந்தால், நீக்கத்தை உறுதிசெய்த கடைசி முடிவிலிருந்து 30 நாள். சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேர்த்துத்தான் இந்த 30. தவறினால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்பு மனு போடலாம். எத்தனை நாள் தாமதம், ஏன், வழக்கில் வலு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "தெரியாது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதில் ஜெயிப்பது கஷ்டம்.

பாகுபாட்டால் வேலைநீக்கம் என்றால் 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் அதைத் தன்னிலேயே அநியாயமானது என்கிறது. இழப்பீடு 24 மாதச் சம்பளம் வரை போகலாம். சமரசம் சிசிஎம்ஏவில் நடக்கும். அது தோற்றால் வழக்கு லேபர் கோர்ட்டுக்கு, 90 நாளுக்குள். அதே வேலைநீக்கத்தைச் சாதாரண அநியாய நீக்கமாக நடத்தினால் சிசிஎம்ஏவிலேயே நடுவர் விசாரணை. இங்கே உச்சவரம்பு 12 மாதச் சம்பளம், ஆனால் இனமோ மதமோ காரணம் என்று காட்ட வேண்டியதில்லை. நடைமுறை சரியில்லை, காரணம் போதாது என்று காட்டினாலே போதும். வேலையைத் திரும்பப் பெறும் வாய்ப்பு இரண்டிலும் உண்டு.

பலருக்கு இந்த இடத்தில்தான் மனசு தடுமாறும். உண்மையான காரணம் இனவெறிதான் என்று நெஞ்சுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் "ஹியரிங் ஒழுங்காக நடக்கவில்லை" என்று மட்டும் வாதாடினால் தன்னையே மறைத்துக்கொண்டது போல இருக்கும். அந்த வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கையில் இருப்பது உங்கள் வார்த்தை மட்டும்தான், எழுத்தில் எதுவும் இல்லை, சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை என்றால், வேலையைத் திரும்பப் பெற்றுத் தரும் சின்ன வழக்கே நல்லது என்பேன். எழுத்தில் ஆதாரமோ தைரியமான சாட்சியோ இருந்தால் பெரிய வழக்கைப் போடுங்கள், உண்மையான காரணத்தையே சொல்லுங்கள்.

தொல்லை தாங்காமல் ராஜினாமா செய்வது மிக மோசமான தொடக்கம். முதலாளி என்னை அப்படிச் செய்ய வைத்தார் என்று வாதிடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வேலையில் தொடரவே முடியாத நிலை, வேறு வழியும் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. உடலுக்கு ஆபத்து என்றால் கதை வேறு: போலீசுக்கும் போகலாம், 2011ஆம் ஆண்டின் தொல்லை தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம்.

ஆசிரியர், மாகாண மருத்துவமனை நர்ஸ், மாநகராட்சி ஊழியர், ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஆகியோருக்கு வேலைநீக்க வழக்கும் பதவி உயர்வு வழக்கும் அந்தந்தத் துறையின் பார்கெயினிங் கவுன்சிலுக்குப் போகும். ஆனால் சமத்துவச் சட்டப்படியான பாகுபாட்டுப் புகாருக்கு அந்தச் சட்டம் பெயர் சொல்வது சிசிஎம்ஏவை மட்டும்தான். எது எங்கே என்று ஃபாரம் அனுப்பும் முன் யூனியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதவி உயர்வும் இனக் கணக்கும்

நம் சமூகத்தில் அதிகம் கேட்கும் குமுறல் இது. சட்டப்படி இந்தியரும் கறுப்பினத்தவர் என்ற வரையறைக்குள் அடங்கியவர்களே. ஆனாலும் சமத்துவத் திட்டத்தின் இலக்குக் கணக்கில் நம் பங்கு சிறியது என்பதால் கதவு அடைபடுகிறது. 2013இல், இந்தியப் பெண்களுக்கு இடம் பூஜ்யம் என்று கணக்கு வந்ததால் உயர்பதவி மறுக்கப்பட்ட ஒரு காவல்துறை பெண் அதிகாரிக்குச் சாதகமாக லேபர் கோர்ட் தீர்ப்பளித்தது. 2016இல் சிறைத்துறை வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், மாகாண மக்கள்தொகையைப் பார்க்காமல் தேசியக் கணக்கை மட்டும் வைத்துத் திட்டம் போட்டது தவறு என்றது. அதே தீர்ப்பு, ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள் என்ற காரணத்தால் கலர்ட் (கலப்பினத்தவர்), இந்தியர் ஆகியோரையும் மறுக்கலாம் என்றும் சொன்னது. அந்த இரண்டாம் பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஆகவே "எனக்குத் தகுதி இருந்தது, வேறு இனத்தவருக்குக் கொடுத்தார்கள்" என்பது மட்டும் வழக்காகாது. நிறுவனத்தின் சமத்துவத் திட்டம் சட்டப்படி இருக்கிறதா, நெகிழ்வே இல்லாத கோட்டாவாக நடத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்தத் திட்டத்தின் பிரதியைக் கேளுங்கள்.

திட்டம் காரணமில்லை, வெறும் வேண்டியவருக்குக் கொடுத்தார்கள் என்றால் வேறு வழி இருக்கிறது: அநியாயத் தொழில் நடைமுறை என்ற தலைப்பில் 90 நாளுக்குள் பதியலாம். இனத்தைத் தொடவே வேண்டாம். இன்டர்வியூ மதிப்பெண்ணைப் புறக்கணித்தார்கள், தகுதி விதியை நடுவில் மாற்றினார்கள் என்று காட்டினால் போதும். இழப்பீடு 12 மாதச் சம்பளத்தைத் தாண்டாது.

சமத்துவ நீதிமன்றம் யாருக்கு?

2000ஆம் ஆண்டின் 4ஆம் சட்டத்தால் வந்தது இது. சாட்ஸ்வொர்த், வெருலம் போன்ற மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளிலேயே நடக்கும். கட்டணம் இல்லை, கிளார்க் ஃபாரம் நிரப்ப உதவுவார். இதைக் கேட்டதும் ஓடுகிறார்கள். ஆனால் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் பொருந்தும் ஆளுக்கு, அது பொருந்தும் அளவுக்கு, இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 5ஆம் பிரிவே சொல்கிறது. அதாவது சம்பள ஊழியர் முதலாளி மீது இங்கே வர முடியாது. ஊழியர் என்ற வரையறைக்குள் வராதவர்களுக்குத்தான் இது: உண்மையிலேயே சுயமாகத் தொழில் செய்யும் கான்ட்ராக்டர், வாடிக்கையாளர் கையில் அவமானப்பட்டவர், மாணவர்.

மாணவர் என்றதும் நம் மக்கள் மறக்கக் கூடாத வழக்கு ஒன்று வருகிறது. டர்பனில் தென்னிந்திய வம்சாவளி மாணவி ஒருவர் மூக்குத்தி போட்டுப் பள்ளிக்குப் போனதில் தொடங்கியது அது. சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்து, 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. மூக்குத்தி மதக் கட்டாயம் இல்லை, விரும்பிப் பின்பற்றும் பண்பாடுதான் என்றாலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. நிறுவனம் நியாயமான அளவுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வேலையிடத்துக்கும் இந்தச் சிந்தனை வந்துவிட்டது. மதத்துக்காகவும் பண்பாட்டுக்காகவும் சடைமுடி வைத்திருந்த சிறைக் காவலர்களை நீக்கியது பாகுபாடு என்று 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஆகவே காவடி விரதத்துக்கு வளர்த்த தாடி, தாலி, கையில் கட்டிய கயிறு, நெற்றியில் விபூதி, இவற்றுக்காகத் தண்டித்தால் வழக்குக்கு வலு இருக்கிறது. எதிர்த்தரப்புக்கும் பதில் உண்டு: மெஷினில் மாட்டும், உணவுத் தொழிற்சாலையில் சுகாதார விதி. அந்தப் பதில் உண்மையா சாக்கா என்பதே வழக்கு. கல்யாண மோதிரத்துக்கு விட்டுக்கொடுத்து மூக்குத்திக்கு மட்டும் பிடிவாதம் பிடித்தால் அதைக் குறித்து வையுங்கள். தீபாவளியும் தைப்பூசமும் இங்கே பொது விடுமுறை இல்லை. ஆண்டு விடுப்பிலிருந்து முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மற்ற மதத்தவருக்குக் கொடுத்து உங்களுக்கு மட்டும் மறுத்தால் அந்தக் கடிதமே ஆதாரம்.

மனித உரிமை ஆணையமும் இன்ஸ்பெக்டரும்

மனித உரிமை ஆணையம் அரசியலமைப்பால் அமைந்தது. இலவசம். விசாரிக்கும், இரு தரப்பையும் பேசவைக்கும், பரிந்துரைக்கும், தானே கோர்ட்டுக்கும் போகலாம். தனிப்பட்ட வேலைத் தகராறைப் பெரும்பாலும் சிசிஎம்ஏவுக்கே திருப்பிவிடும். அங்கே மனு கொடுத்திருப்பதால் உங்கள் 6 மாதமோ 30 நாளோ நிற்காது. ஒரு துறை முழுவதும், ஒரு தொழிற்பேட்டை முழுவதும் நடக்கும் அநீதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவர இது நல்ல இடம். பெண்கள் விஷயமானால் பாலின சமத்துவ ஆணையமும் உண்டு. சிசிஎம்ஏவில் பதிந்துவிட்டு, அதன் பிறகு இவர்களுக்கும் எழுதுங்கள். வரிசை மாறக் கூடாது.

தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சம்பள பாக்கி, ஓவர்டைம், விடுப்பு, யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீடு இவற்றுக்கு அவர். பாகுபாட்டுக்குத் தீர்ப்பு அவர் தர முடியாது. பாகுபாட்டோடு சம்பளத்தையும் பிடித்து வைத்திருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

விசாவில் வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை விசாவில் வந்து ஐடி கம்பெனியிலும், ஹோட்டல் சமையலறையிலும், கோயிலிலும் வேலை செய்பவர்கள் புகார் என்றாலே பயப்படுகிறார்கள். வேலை அனுமதி செல்லாத நிலையில் இருந்தவரும் தொழிலாளர் சட்டப்படி ஊழியரே என்று 2008இல் லேபர் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, சிசிஎம்ஏ கதவு உங்களுக்கும் திறந்ததுதான். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதையும் சமத்துவச் சட்டத்தின் 51ஆம் பிரிவு தடுக்கிறது.

நாட்டுரிமை என்ற சொல் பாகுபாட்டுப் பட்டியலில் இல்லை. ஆகவே "இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதால்" என்பதை இன வழி, சமூகப் பின்னணி, பிறப்பு, மொழி என்ற தலைப்புகளில் எது உண்மையோ அதில் எழுதுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் பிறப்பு, சமூகப் பின்னணி என்ற தலைப்புகள் இருக்கின்றன. கோயிலில் பணிபுரியும் குருக்களோ இசை ஆசிரியரோ, தான் ஊழியரா இல்லையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நேரம் யார் நிர்ணயிக்கிறார்கள், மாதாமாதம் ஒரே இடத்திலிருந்து சம்பளம் வருகிறதா என்பவை அதில் கணக்கு. ஊழியர் என்றால் சிசிஎம்ஏ, இல்லையென்றால் சமத்துவ நீதிமன்றம்.

விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தால் ஒரு நடைமுறை யோசனை. சமரசக் கூட்டத்தில் பணத்தை மட்டும் கேட்காதீர்கள். வேறு வேலை தேடும் காலம் வரை ஊழியர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், கடைசித் தேதியை அதற்கேற்பக் குறிக்க வேண்டும், பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் பிடித்து வைத்திருந்தால் அன்றைக்கே கையில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் கம்பெனி போனில் மட்டும் வைக்காமல் சொந்த இமெயிலுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வேலை போகும் நாளில் முதலில் வாங்கிக்கொள்வது அந்த போனைத்தான்.